சைலன்சர் வாயில் கொஞ்சம் பஞ்சு

அக்காவின் வண்டியை விற்பதா, வைத்துக்கொள்வதா என்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்குள் முடிவாக வேண்டியிருந்தது. நான்கு மணிக்கு வண்டியைப் பார்க்கப் புரோக்கர் வருவதாக ஏற்பாடு. காலை எட்டரைக்கு நான் எஞ்சினுக்குள் காற்றழுத்தம் பார்க்கும் கம்ப்ரெஷன் கேஜைப் பழைய டீ சர்ட் ஒன்றில் சுற்றி எடுத்துக்கொண்டு வேலம்பாளையத்து மெக்கானிக் ஷெட்டில் போய் நின்றேன். கையில் நோட்டு. நோட்டில் செய்ய வேண்டிய வேலைகள் பதினொன்று, வரிசை எண்ணோடு. அன்று எனக்கிருந்த உற்சாகத்தை வெளியே காட்டியிருந்தால் அக்கா என்னை அறைந்திருப்பாள். அவளுக்கு அது பிழைப்பு. எனக்கோ, படித்து முடித்த நாளிலிருந்து காத்திருந்த ஒரு சோதனை.

நான் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவள். அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் மெயின்டனன்ஸ் வேலை. பாய்லர், ஏர் கம்ப்ரெசர், ஜெனரேட்டர் மூன்றும் என் பொறுப்பு. ஆனால் ஜெனரேட்டரில் பெரிய கோளாறு என்றால் சர்வீஸ்காரர்தான் வருவார். அவர் வேலை செய்வார், நான் ஓரமாக நின்று டார்ச் பிடிப்பேன். கேஜ் அவருடையது. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குள் திருப்பித் தருவதாகச் சொல்லி வாங்கி வந்திருந்தேன். முந்தின இரவே அதன் முள்ளை ஊதிப் பார்த்து, பூஜ்ஜியத்தில் சரியாக நிற்கிறதா என்று மூன்று முறை சோதித்துவிட்டேன்.

வண்டி ஒரு குட்டியானை, சின்னச் சரக்கு வண்டி. எந்தக் கம்பெனி தயாரித்தாலும் எங்கள் ஊரில் அந்த அளவு வண்டிக்கு அதுதான் பெயர். இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சின். அக்கா அதை நான்கு வருடமாக ஓட்டுகிறாள். நெருப்பெரிச்சலில் பனியன் துணி பின்னும் நிட்டிங் ஷெட்டுகளில் துணி ரோல்களை ஏற்றி, சாயப்பட்டறைக்கும் துணியை அழுத்திச் சீராக்கும் காம்பாக்டிங்குக்கும் கொண்டுபோய் இறக்குவது வேலை. அதற்கு முன் ஒன்பது வருடம் ஓவர்லாக் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். அந்த ஒன்பது வருடத்தில் தனக்கு எதிரே இருந்த சுவரில் எத்தனை ஆணி இருந்தது என்று இப்போதும் சொல்வாள். ஏழு. டிரைவர் சீட்டில் உட்கார்ந்த முதல் நாள் அவள் சொன்னது, "ஏட்டி, எதுத்தாப்ல சுவரே இல்ல பாரு."

அந்த வண்டி இரண்டு மாதமாகப் படுத்தியது. காலையில் ஸ்டார்ட் ஆக நேரமாகும். சுமையோடு மேடு ஏறும்போது இரண்டாவது கியருக்கு இறங்கும், பிறகு முதல் கியருக்கு. பின்னால் வருகிறவன் ஹாரனை அமுக்கிக்கொண்டே வருவான். மெக்கானிக் பார்த்துவிட்டு, எஞ்சினில் கம்ப்ரெஷன் இல்லை, முழுவதும் இறக்கிப் பிரிக்க வேண்டும், பத்துப் பன்னிரண்டு நாளாகும் என்று சொல்லிவிட்டார். அக்கா கணக்குப் போட்டுப் பார்த்தது பணத்தை அல்ல, நாட்களை. பத்து நாள் வராத வண்டியை நெருப்பெரிச்சலில் பதினோராவது நாள் யாரும் கூப்பிட மாட்டார்கள். "எஞ்சின எறக்கணும்னா வண்டியக் குடுத்துட்டு மிஷினுக்கே போயிருதேன்," என்றாள். அவள் அழவில்லை. அழாததுதான் என்னைக் கேஜ் தேட வைத்தது.

கம்ப்ரெஷன் என்றால் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. டீசல் எஞ்சினில் பொறி கிடையாது. பிஸ்டன் மேலே வரும்போது காற்றை நெருக்குகிறது. நெருக்கப்பட்ட காற்று சூடாகிறது, அந்தச் சூட்டில் டீசல் தானாகப் பற்றுகிறது. காற்று எங்காவது கசிந்தால் சூடு போதாது, வண்டி திணறும். கசிவதற்கு முக்கியமான வழி இரண்டு. கீழே பிஸ்டன் ரிங்குகளைச் சுற்றி, அல்லது மேலே வால்வுகளின் வழியாக. கீழ்வழி என்றால் எஞ்சினையே இறக்க வேண்டும். மேல்வழி என்றால் மேலே இருக்கும் ஹெட்டை மட்டும் கழற்றினால் போதும், இரண்டு நாள் வேலை. மெக்கானிக் சொன்னதில் கம்ப்ரெஷன் இல்லை என்பது சரியாக இருக்கலாம். எந்த வழியில் போகிறது என்று யாரும் பார்க்கவில்லை. என் நோட்டின் பதினொரு வரியும் இந்த ஒரு கேள்விக்குத்தான்.

மெக்கானிக் கோயம்புத்தூர் பக்கத்து மனிதர், மரியாதைக்குக் குறைவில்லாதவர். நான் கேஜை எடுத்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார்.

"ஏனுங்க அம்மிணி, இதெல்லாம் எதுக்குங்க? ஆயில் மூடியத் தொறந்தா பொகை வருது. மேட்டுல ஏற மாட்டேங்குது. காலைல ஸ்டார்ட் ஆகறதுக்குள்ள ஊரே எந்திரிச்சுக்குது. ரிங்கு போயிருச்சுங்க."

"இருக்கலாமுங்கண்ணா. எந்தப் பக்கம் போகுதுன்னு பாத்துட்டு எறக்கிக்கலாமுங்க," என்றேன். அவரிடம் பேசினால் எனக்கும் 'ங்க' ஒட்டிக்கொள்ளும். அக்கா பக்கம் திரும்பினால் திருநெல்வேலி வந்துவிடும்.

"எந்தப் பக்கம் போனாலும் போனது போனதுதானுங்களே?"

"பாக்கட்டும் அண்ணா," என்றாள் அக்கா. "படிக்க வச்ச செலவுக்கு இதாவது செய்யட்டும்."

ஹீட்டர் பிளக் இரண்டையும் கழற்றினேன். காலைக் குளிரில் சிலிண்டரைச் சூடாக்கும் சின்னக் குச்சிகள் அவை. டீசல் வரும் வழியை அடைத்தேன். முதல் துளையில் கேஜைத் திருகினேன். அக்கா சாவியைத் திருப்ப, எஞ்சின் சும்மா சுற்றியது. முள் நான்கு தாவலில் ஏறி நின்றது. பத்தொன்பது. நல்ல எஞ்சினுக்கு இருபத்தெட்டு வர வேண்டும். இருபதுக்குக் கீழே என்றால் நோயாளி. இரண்டாவது சிலிண்டர், பதினாறு.

"சொன்னனுங்களா?" என்றார் மெக்கானிக்.

உண்மைதான், அவர் கையால் பிடித்துச் சொன்னதை என் கேஜ் எண்ணால் சொன்னது. ஆனாலும் எனக்குள் மணி அடித்துக்கொண்டிருந்தது. இரண்டு எண்களையும் கட்டம் போட்டு எழுதினேன். பேட்டரி பலவீனமாக இருந்து எஞ்சின் மெதுவாகச் சுற்றினாலும் எண் குறையும் என்பது என் மூன்றாவது வரி. ஷெட்டில் நின்ற இன்னொரு வண்டியின் பேட்டரியோடு ஒயர் கொடுத்துச் சுற்றினோம். இருபது, பதினேழு. ஆக, பேட்டரி இல்லை. ஒரு வரியை அடித்தேன்.

அந்த நேரத்தில் அத்தான், அக்காவின் வீட்டுக்காரர், வந்தார். அவர் நெருப்பெரிச்சலில் நிட்டிங் மிஷின் ஓட்டுகிறார். சனிக்கிழமை இரவு ஷிப்ட் முடித்து நேராக வந்திருந்தார். தலையிலும் புருவத்திலும் வெள்ளைப் பஞ்சு. அத்தான் அதிகம் பேசமாட்டார். அவர் காதுதான் வேலை செய்யும். வட்டமாகச் சுற்றும் அந்த மிஷினில் ஆயிரக்கணக்கான ஊசிகள். அதில் ஒன்றின் நுனி ஒடிந்தாலும் சுற்றுக்கு ஒருமுறை 'டிக்' என்று கேட்கும். அதைக் கேட்டும் நிறுத்தாவிட்டால் ரோல் முழுக்க ஒரு கோடு விழுந்துவிடும். பத்து மிஷின் ஓடும் இரைச்சலுக்கு நடுவே எந்த மிஷினில் 'டிக்' என்று அவர் நின்ற இடத்திலிருந்தே சொல்லிவிடுவார். வீட்டில் அந்தக் காதோடு குடித்தனம் நடத்துவது எளிதல்ல. அக்காவின் கல்யாணத்துக்கு வந்த சுவர்க்கடிகாரம் ஹாலிலிருந்து சமையலறைக்குப் போய், அங்கிருந்து பீரோவுக்குள் போய், இப்போது பேட்டரி இல்லாமல் இருக்கிறது.

"என்னாச்சு?" என்றார்.

"எண்ணு வந்திருக்கு. எண்ணு சரியில்ல," என்றாள் அக்கா.

அவர் ஒரு டயர் மேல் உட்கார்ந்துகொண்டார்.

அடுத்தது எண்ணெய்ச் சோதனை. சிலிண்டருக்குள் கொஞ்சம் எஞ்சின் ஆயிலை விட்டு மறுபடி அழுத்தம் பார்க்க வேண்டும். எண்ணெய் ரிங்கைச் சுற்றிப் படிந்து இடுக்கை அடைக்கும். எண் ஏறினால் குறை ரிங்கில். ஏறாவிட்டால் வால்வில். பாடப் புத்தகத்தில் இரண்டு வரிதான், ஆனால் அந்த இரண்டு வரியில்தான் அக்காவின் சுவர் இருந்தது.

சிரிஞ்ச் கொண்டுவர வேண்டும் என்று நோட்டில் ஏழாவதாக எழுதியிருந்தேன். எழுதிய திருப்தியில் கொண்டுவர மறந்திருந்தேன். பட்டியல் போடுகிறவர்களுக்கு வரும் வியாதி இது. பரவாயில்லை என்று ஆயில் கேனையே துளையில் சாய்த்தேன். அது கிளக் என்று ஒரு வாய் விட்டது. கேஜைத் திருகினேன். அக்கா சாவியைத் திருப்பினாள். முள் ஒரே பாய்ச்சலில் எழுந்தது. முப்பத்தொன்று.

இருபது முப்பத்தொன்றாகிவிட்டது. எண்ணெய் பட்டதும் எண் ஏறிவிட்டது. என்றால் ரிங்.

"ரிங்குதானுங்க," என்றார் மெக்கானிக். இந்தமுறை அவர் சிரிக்கவில்லை. குரலில் வருத்தம் இருந்தது. "வுடுங்க, அம்மிணி. பாத்தீங்கல்ல, அது போதும்."

அக்கா போனை எடுத்தாள். புரோக்கரும் எங்கள் பக்கத்து ஆள்தான். "அண்ணாச்சி, நாலு மணி வரைக்கும் வேண்டாம். சாப்பிட்டுட்டு வந்துருங்க. குடுத்துருதோம்," என்றாள். போனை வைத்துவிட்டு டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். டேஷ்போர்டில் ஒட்டியிருந்த மாதா படத்தை நகத்தால் சுரண்ட ஆரம்பித்தாள். நான்கு வருட வெயிலில் காய்ந்த பசை, எளிதில் வரவில்லை. ஒரு மூலை மட்டும் எழும்பியது.

நான் நோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வேறு எதையும் பார்க்கத் தைரியம் இல்லை. பத்தொன்பது, பதினாறு, இருபது, பதினேழு, முப்பத்தொன்று. மேலே நான் முதல்நாள் எழுதிவைத்த எண், இருபத்தெட்டு. புது எஞ்சினுக்கு.

புது எஞ்சினுக்கே இருபத்தெட்டுதான்.

தேய்ந்த ரிங் உள்ள பழைய எஞ்சின், ஒரு வாய் எண்ணெய் குடித்துவிட்டு, ஷோரூமில் இருக்கும் எஞ்சினைவிடப் பலசாலி ஆகிவிட முடியாது. டீசல் சிலிண்டரில் பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிச்சமிருக்கும் இடம் ரொம்பச் சின்னது. நான் ஊற்றிய எண்ணெயே அந்த இடத்தை நிரப்பியிருந்தது. டம்ளரில் பாதிக்குக் கல்லைப் போட்டுவிட்டுத் தண்ணீர் நிறைந்துவிட்டது என்று சொல்வதுபோல. எண் ஏறியது ரிங்கால் அல்ல, என் கையால்.

"அக்கா, எறங்கு. நான் தப்பா பண்ணிட்டேன்."

"என்னட்டி?"

"எண்ணெய் ஜாஸ்தி ஊத்திட்டேன். அந்த எண்ணு பொய்."

"ஏளா, இப்பதான அவியகிட்ட குடுத்துருதேன்னு சொன்னேன்!"

"அவங்க சாப்பிட்டுட்டுத்தான வருவாங்க. நல்லா சாப்பிடட்டும்."

அடுத்த தெருவில் இருந்த மெடிக்கலுக்கு நான் நடக்கவில்லை, ஓடினேன். ஊசி இல்லாத சிரிஞ்ச் ஒன்று என்றதும் கடைக்காரர் குழந்தைக்கா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். திரும்பி வருவதற்குள் மெக்கானிக் எஞ்சினைச் சுற்றவிட்டு முதல் சிலிண்டரில் இருந்த எண்ணெயை வெளியேற்றிக்கொண்டிருந்தார். ஷெட்டின் பாதிச் சுவருக்குப் பூச்சாகியிருந்தது.

"எஞ்சினுக்கு எண்ணெய்க் குளியல் போட்டு வுட்டீங்களே அம்மிணி. தீவாளிக்கு இன்னும் நாளிருக்குதுங்க," என்றார்.

இரண்டாவது சிலிண்டரில் சிரிஞ்சால் சில சொட்டுகள். எண்ணிப் போட்டேன். அக்கா சாவியைத் திருப்பினாள். பதினேழாக இருந்தது பதினெட்டு ஆனது. அவ்வளவுதான். மறுபடி செய்தோம். மறுபடி பதினெட்டு. எண் ஏறவில்லை. எண் ஏறவில்லை என்பதற்காக என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது அப்போதுதான். மெக்கானிக் முள்ளைக் குனிந்து பார்த்தார். பிறகு கேஜைத் தட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்ப மேலயா போகுது?"

"காத்தையே கேட்டுரலாமுங்க."

டயருக்குக் காற்றடிக்கும் ஹோஸ் ஷெட்டில் இருந்தது. பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து நிறுத்தி, துளை வழியாக வெளியிலிருந்து காற்றை அனுப்பினால் அது எங்கே ஓட்டையோ அங்கே வந்து எட்டிப் பார்க்கும். ஆயில் மூடி வழியாக வந்தால் ரிங். ஏர் பில்டர் வழியாக வந்தால் உள்ளே காற்றை விடும் வால்வு. சைலன்சர் வழியாக வந்தால் புகையை வெளியே விடும் வால்வு. ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட்டுக்கு அடியில் உள்ள கேஸ்கட். நான்கு இடம், நாங்கள் நான்கு பேர். வண்டியைக் கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கல் வைத்தேன். அக்காவை ஆயில் மூடிக்கும் மெக்கானிக்கை ஏர் பில்டருக்கும் அனுப்பினேன். ஹோஸும் ரேடியேட்டரும் எனக்கு. அத்தான் தானாகவே சைலன்சர் பக்கம் போய்த் தரையில் படுத்துவிட்டார்.

காற்று டாங்க் நிறைந்ததும் மோட்டாரை நிறுத்தினோம். பக்கத்து வீட்டு டி.வி.யைக் குறைக்கச் சொல்லி மெக்கானிக் மதில்மேல் எட்டிக் கேட்டார். "ரெண்டு நிமிசமுங்க, எஞ்சின் பேசறதக் கேக்கோணும்." குறைத்துவிட்டு அந்த வீட்டுக்காரர்களும் மதில்மேல் வந்து நின்றார்கள்.

காற்றைத் திறந்தேன்.

"இங்க லேசா மூச்சு வருது," என்றாள் அக்கா.

"லேசா எல்லா எஞ்சின்லயும் வரும். அது வயசு," என்றேன்.

"இங்கயும் கொஞ்சந்தானுங்க," என்றார் மெக்கானிக். ரேடியேட்டரில் குமிழி இல்லை. நான் அத்தானைப் பார்த்தேன். அவர் கண்களை மூடிக்கொண்டிருந்தார். நிட்டிங் ஷெட்டில் மிஷின் முன்னால் நிற்கும்போது இருக்கும் முகம்.

"இங்கதான்," என்றார்.

மெக்கானிக் வந்து காதை வைத்தார். அவர் காது முப்பது வருடம் எஞ்சின்களுக்கு நடுவே தேய்ந்த காது. "எனக்கொண்ணும் கேக்கலீங்களே மாப்ள."

அத்தான் தன் தலையில் கைவிட்டு, முடியில் ஒட்டியிருந்த பஞ்சில் ஒரு துணுக்கை எடுத்து, சைலன்சர் வாயில் விரல் நுனியில் பிடித்தார். விரலை விட்டார். பஞ்சு கீழே விழவில்லை. வெளியே ஓடி, அவர் மூக்கைத் தாண்டி, மெக்கானிக்கின் சட்டையில் போய் ஒட்டியது.

நான் கத்திவிட்டேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. மதில்மேல் இருந்தவர்கள் கைதட்டினார்கள். மெக்கானிக் தன் சட்டையிலிருந்த பஞ்சை எடுத்து, தானே ஒருமுறை சைலன்சர் வாயில் பிடித்துப் பார்த்தார். இரண்டாவது சிலிண்டருக்கு மாற்றினோம். இந்தமுறை பஞ்சு இன்னும் வேகமாக ஓடியது. மூன்றாவது முறை தேவையே இல்லை, ஆனாலும் செய்தோம். பார்க்க அவ்வளவு நன்றாக இருந்தது.

"வால்வுதானுங்க. மேல மூடியக் கழட்டிப் பாத்தரலாம்," என்றார் மெக்கானிக். இப்போது அவருக்கும் தொற்றிவிட்டது.

மூடிக்குக் கீழே வால்வுகளை அமுக்கும் கைகள் வரிசையாக இருக்கும். அந்தக் கைக்கும் வால்வுக்கும் நடுவே மயிரளவு இடைவெளி விட வேண்டும். அதைத்தான் டேப்பெட் செட்டிங் என்பார்கள். எஞ்சின் சூடானால் இரும்பு நீளும். இடைவெளி இல்லாவிட்டால் வால்வு முழுதாக மூட முடியாமல் எப்போதும் கொஞ்சம் திறந்தே இருக்கும். இடைவெளியை அளக்கும் தகடுகளில் மிக மெல்லியதை எடுத்து மெக்கானிக் உள்ளே விட்டுப் பார்த்தார். போகவில்லை. அடுத்ததில் விட்டார். போகவில்லை. நான்கு வால்விலும் போகவில்லை.

"இத யாருங்க இப்படி முறுக்கி வெச்சது? சாமி சத்தியமா நானில்லீங்க."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் மெக்கானிக்கைப் பார்த்தேன். அத்தான் சைலன்சர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

"நாந்தான்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா சர்ச்சுக்குப் பூசைக்குப் போகிற நேரம் பார்த்து அவர் அதைச் செய்திருக்கிறார். ஒரு ஞாயிறு அல்ல, நான்கு ஞாயிறு. முதல் ஞாயிறு கொஞ்சம் முறுக்கினார், சத்தம் குறைந்தது. அடுத்த ஞாயிறு இன்னும் கொஞ்சம். சத்தம் அறவே நின்றதும் நிறுத்தினார்.

"டிக் டிக்குன்னு கேட்டுச்சு. ஊசி ஒடஞ்ச மாதிரி," என்றார். "ஏதோ ஒடையப் போவுதுன்னு நெனச்சேன். நீ மேடு ஏறும்போது நின்னுருமோன்னு."

"நான் அங்க முழங்கால் போட்டு உங்களுக்காவ வேண்டிக்கிட்டு இருக்கேன்," என்றாள் அக்கா. "நீங்க இங்க ஸ்பேனர வச்சி என் எஞ்சின் கழுத்த நெரிச்சிக்கிட்டு இருந்திருக்கிய!"

"கேட்டிருந்தா வேண்டாம்னுருப்ப."

"வேண்டாம்னுதான் சொல்லிருப்பேன்! நாலு வருசமா அது என் வண்டியோட சத்தம்!"

மெக்கானிக் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே நடுவில் வந்தார். "மாப்ள, இது பனியன் மிஷின் இல்லீங்க. டேப்பெட் லேசாப் பேசோணும். பேசுச்சுன்னாத்தான் நல்லாருக்குதுன்னு அர்த்தமுங்க."

அத்தான் தலையை ஆட்டினார். முப்பது வயதுக்கு மேல் ஒரு மனிதரின் காதுக்குப் புதிதாக ஒன்று சொல்லிக்கொடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று அந்தத் தலையாட்டலில் தெரிந்தது. முறுக்கின கைதான் தளர்த்த வேண்டும் என்று அக்கா ஒரே பிடிவாதம். மெக்கானிக் தகட்டைப் பிடித்துக்கொள்ள, அத்தான் ஸ்பேனரைத் திருப்பினார். தகடு லேசான பிடிப்போடு இழுபட வேண்டும். அந்தப் பிடிப்பு அவருக்கு உடனே கைவந்துவிட்டது. நூலின் இழுவையைத் தினமும் விரலால் பார்க்கிறவர்.

மறுபடி கேஜ். முதல் சிலிண்டர் இருபத்தேழு. எண்ணைச் சொல்வதற்கு முன் நான் இரண்டு முறை முள்ளைப் பார்த்தேன். இரண்டாவது, இருபத்திரண்டு.

இருபத்திரண்டு என்பது சந்தேகமான எண். வண்டி ஓடும், ஆனால் எவ்வளவு நாள் என்று சொல்ல முடியாது. இரண்டு மாதம் சரியாக மூடாமல் இருந்ததில் அந்த வால்வின் விளிம்பு கருகியிருக்க வேண்டும். ஹெட்டைக் கழற்றி அதைத் தேய்த்து உட்கார வைக்க வேண்டும். இதில் எனக்கும் மெக்கானிக்குக்கும் ஒரே கருத்து. அடுத்ததில்தான் பேச்சு வந்தது.

"எப்படியும் ஹெட்டக் கழட்டறோம். ரிங்கையும் மாத்தி வுட்டுட்டா மறுக்கா தொறக்க வேண்டியதில்லீங்க," என்றார் அவர். அது பேராசையில் சொன்னதல்ல. வண்டிக்கு வயதாகிறது, ஆயில் மூடியில் மூச்சு வருவதும் உண்மை. நான் நோட்டின் புதுப் பக்கத்தில் கோடு போட்டு இரண்டு பக்கமும் எழுதினேன். இறக்குவதற்கு மூன்று காரணம், இறக்காமல் இருப்பதற்கு மூன்று காரணம் வந்தது. நான்காவது எந்தப் பக்கம் கிடைக்கும் என்று பேனாவைக் கடித்தேன்.

அக்கா நோட்டை எட்டிப் பார்த்தாள். "எண்ணு என்ன சொல்லுது? ரிங்கு ஓடுமா, ஓடாதா?"

"ஓடும். எவ்வளவு நாள்னு தெரியாது. ஆறு மாசத்துக்கு ஒருக்கா நான் அளந்து சொல்லுதேன்."

"பெறவு என்ன? ஒரு தையல் பிரிஞ்சதுக்கு முழு பனியனையுமா பிரிப்பாவ? ஹெட்டு மட்டும்." மெக்கானிக்கிடம் திரும்பினாள். "அண்ணா, நாளைக்கு ஒரு லோடு இருக்கு, அத எறக்கிட்டு மத்தியானம் கொண்டாந்து விடுதேன். புதன்கிழமை எனக்கு வண்டி வேணும்."

"புதன் சாயங்காலமுங்க."

"புதன் மத்தியானம்."

"செரிங்க, மத்தியானம்."

நான் நோட்டில் அந்தக் கோட்டை அடித்துவிட்டுப் புதன் மத்தியானம் என்று மட்டும் எழுதினேன்.

மூன்று மணிக்குப் புரோக்கர் வந்தபோது வண்டி எல்லாம் பூட்டித் தயாராக இருந்தது. அண்ணாச்சி பிரியாணி சாப்பிட்ட முகத்தோடு பைக்கை நிறுத்தினார். "எங்க, ஸ்டார்ட் பண்ணு பாப்போம்," என்றார். அக்கா சாவியைத் திருப்பினாள். இரண்டு மாதமாகப் பத்து முறை திருப்பினால் எழுகிற வண்டி, முதல் திருப்பலில் எழுந்தது. மேல் மூடிக்குள்ளிருந்து டிக் டிக் டிக் என்று சின்னதாக, சீராகக் கேட்டது.

அண்ணாச்சி டிரைவர் சீட்டுப் பக்கம் குனிந்து கேட்டார். "என்னம்மா, எஞ்சின் போச்சுன்னு சொன்னாவ. நல்லாத்தான இருக்கு!"

"அதான் குடுக்கல, அண்ணாச்சி," என்றாள் அக்கா.

அவர் என்னைப் பார்த்தார், மெக்கானிக்கைப் பார்த்தார், ஷெட்டுச் சுவரில் இருந்த எண்ணெய்ப் பூச்சைப் பார்த்தார். சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார். மெக்கானிக் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

வீட்டுக்குப் போக மூவரும் முன்சீட்டில் நெருக்கி ஏறினோம். அக்கா, நடுவில் நான், ஜன்னலோரம் அத்தான். மாதா படத்தின் எழும்பிய மூலையை அக்கா கட்டைவிரலால் அழுத்தினாள். அது ஒட்டவில்லை. போகட்டும் என்று விட்டுவிட்டாள். மேட்டில் வண்டி மூன்றாவது கியரிலேயே ஏறியது. காலிவண்டிதான், அதைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நான் சீட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தேன்.

எஞ்சின் அக்காவின் சீட்டுக்கு அடியில்தான். டிக் டிக் என்ற சத்தம் காலுக்குக் கீழே வந்துகொண்டே இருந்தது. அத்தான் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி இருந்தார். ஒவ்வொரு டிக்குக்கும் அவர் தாடை அசைவது எனக்குத் தெரிந்தது. மிஷினை நிறுத்துகிற பட்டனைத் தேடி அவர் வலதுகை ஒருமுறை எழுந்து, முழங்காலில் திரும்ப உட்கார்ந்தது.

அக்காவும் பார்த்துவிட்டாள். ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, என்னைத் தாண்டி மறுகையை நீட்டி, அவர் தலையிலிருந்து கொஞ்சம் பஞ்சைப் பிய்த்தாள். அதை இரண்டாக்கி உருட்டி அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"காதுல வச்சிக்கிடுங்க," என்றாள். "புதன்கிழமைக்குப் பெறவும் இந்தச் சத்தம் இப்படித்தான் இருக்கும்."

அத்தான் பஞ்சைப் பார்த்தார். ஒரு உருண்டையை மட்டும் எடுத்து, எஞ்சின் பக்கத்துக் காதில் வைத்துக்கொண்டார்.